மேசைக்கு வராத மடிக்கணினி

“கடையில கூடக் குடுத்தாலும் அது காணிக்கைதானாப்பா?”

பெனிஷா இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. முத்தையாபுரத்தில் அவர்கள் போகும் ஆலயத்தின் வளாகத்தில் அறுப்பின் பண்டிகை ஏலம் நடந்துகொண்டிருந்தது. சபையார் தங்கள் உழைப்பின் முதல் பலனாகக் கொண்டுவந்து படைத்த வாழைத்தார், சேவல், உப்பு மூட்டை எல்லாம் ஒவ்வொன்றாக ஏலத்துக்கு வரும். யாரும் லாபம் பார்த்துக் கேட்க மாட்டார்கள். விலைக்கு மேல் ஏறுவது அத்தனையும் ஆண்டவருடைய வேலைக்குப் போகும் என்பதால், கூட்டிக் கேட்பதுதான் அங்கே மரியாதை. அன்றைக்கு அவள் அப்பா ஜீவமணி ஒரு பூசணிக்காயை, சபைக் கமிட்டியில் இருக்கும் ஏசுவடியானோடு போட்டிக்கு நின்று, ஓர் ஆட்டுக்குட்டியின் விலைக்கு எடுத்தார். கைதட்டலுக்கு நடுவே காயைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தவரிடம், “இதுக்கா இவ்வளவு துட்டு?” என்று மகள் கேட்டாள். “கூடக் குடுத்தது காணிக்கைம்மா” என்றார் அவர். உடனே வந்து விழுந்தது அடுத்த கேள்வி.

“போளா வாயாடி” என்று சிரித்து, அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போய்விட்டார். பதில் சொல்ல வேண்டிய கேள்வியாகவே அவருக்கு அது படவில்லை.

ஜீவமணி துறைமுகத்தில் தச்சர். கப்பலின் வயிற்றுக்குள் ஏற்றுகிற சரக்கு கடலில் உருண்டுவிடாதபடி மரத்தை அறுத்து முட்டுக்கொடுப்பது அவர் வேலை. கை சுத்தமான மனிதர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையைத் தவறவிட மாட்டார். ஒரே ஒரு பலவீனம், நாலு பேர் பார்க்கிற இடத்தில் தோற்பதற்கு அவருக்கு மனம் வராது.

அந்தச் சபையில் இன்னொரு வழக்கமும் இருந்தது. ஜூன் மாதம் கல்லூரிகள் திறக்கும் முன்னால் ஒரு ஞாயிறு, புதிதாகக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளை முன்னால் அழைத்து, முழங்கால் போடச் சொல்லி, குருவானவர் தலையில் கைவைத்து ஜெபிப்பார். தொடங்கிய காலத்தில் பிள்ளைகள் வெறும் கையோடுதான் வந்தார்கள். பிறகு யாரோ ஒருவர் மகனுக்கு வாங்கிய புது மடிக்கணினியையும் ஜெபிக்கச் சொல்லிப் பீடத்துக்கு முன்னால் இருக்கும் மேசையில் வைத்தார். நல்ல எண்ணத்தோடுதான் வைத்தார். அடுத்த வருடம் மூன்று பெட்டிகள் வந்தன. அதற்கடுத்த வருடம் பெட்டியின் மேல் இருக்கும் கம்பெனிப் பெயர் சபையைப் பார்த்திருக்கும்படி திருப்பி வைத்தார்கள். போன வருடம் ஏசுவடியான் தன் மகனுக்கு வாங்கியதைப் பெட்டியிலிருந்து எடுத்துத் திறந்தே வைத்துவிட்டார். எழுத்துப் பலகையில் சிவப்பும் நீலமுமாக விளக்கு ஓடியது. அன்றைக்குப் பிரசங்கம் எதைப் பற்றி என்று சபையில் யாருக்கும் ஞாபகம் இல்லை.

இந்த வருடம் பெனிஷாவின் முறை. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் பி.காம். இடம் கிடைத்திருந்தது. விடுதியிலும் ஓர் இடம் சொல்லி வைத்திருந்தார்கள். ஜீவமணியின் மனைவி ஈவாஞ்சலின் தையல் மிஷினை மிதித்துச் சேர்த்த பணம் ஒன்று இருந்தது. மடிக்கணினியும் விடுதியும் அதற்குள்தான் அடங்க வேண்டும்.

“பெட்டிய தவணையில எடுத்துக்கிடலாம். இப்ப எல்லாரும் அப்படித்தான் எடுக்காவ” என்றார் ஜீவமணி.

“தவணையும் மாசாமாசம் வரும், விடுதிக் காசும் மாசாமாசம் வரும். ரெண்டும் ஒரே பையில இருந்துல்லா போவணும்?” என்றாள் ஈவாஞ்சலின். “பெரிய பெட்டியா எடுத்தா இவ விடுதிய விட்டுட்டு டெய்லி பஸ்லதான் போய்வரணும். பக்கத்து வீட்டுப் பிள்ளை என்ன ஆச்சுன்னு பாத்தியள்லா?”

பக்கத்து வீட்டுப் பெண் அப்படித்தான் போய்வந்தாள். விடியுமுன் ஒரு பஸ், இருட்டியபின் ஒரு பஸ். இரண்டாம் வருடம் பாதியில் படிப்பை விட்டுவிட்டாள். ஜீவமணிக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் முந்தின ஞாயிறு ஆலய வாசலில் ஏசுவடியானிடம், “இந்த வருசம் மேசையப் பாருங்க அண்ணாச்சி” என்று அவர் சொல்லி வைத்திருந்தார். சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

அந்த ஜெப ஞாயிற்றுக்கு மூன்று நாள் முன்னால் தூத்துக்குடிக்குள் பெரிய கடைத்தெருவில் இருக்கும் ஒரு கடைக்குப் போனார்கள். ஈவாஞ்சலினின் தம்பி கிங்ஸ்டனும் கூட வந்தான். பெங்களூரில் கணினிக் கம்பெனியில் வேலை, விடுப்பில் வந்திருந்தான். நல்லவன். அக்கா மகள் மேல் உயிர். ஆனால் தன் சட்டை அளவை வைத்தே ஊருக்கெல்லாம் சட்டை எடுக்கிற ரகம்.

கடைப்பையன் பிரைட்டன் கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டான். “வாங்க அண்ணாச்சி, வாங்கக்கா. என்ன பட்ஜெட்ல பாக்குறிய?”

ஈவாஞ்சலின் வாயைத் திறப்பதற்குள் கிங்ஸ்டன் முந்திக்கொண்டான். “பட்ஜெட்ட விடு தம்பி. ஐ செவன், பதினாறு ஜிபி, தனி கிராபிக்ஸ் கார்டு. அதுக்குக் கொறைச்சலா எடுத்து வைக்காத.”

“மாமா, கிராபிக்ஸ் கார்டு எதுக்கு?” என்றாள் பெனிஷா.

“நாளைக்கு நீ வீடியோ எடிட்டிங் பண்ணுவே. கேம் ஆடுவே.”

“நான் எப்ப மாமா கேம் ஆடினேன்? பல்லாங்குழியிலயே உங்ககிட்டத் தோத்தவ நான்.”

எல்லாரும் சிரித்தார்கள். பிரைட்டன் ஒரு பெட்டியைப் பிரித்துக் கறுப்பாகப் பளபளக்கும் ஒன்றை மேசையில் வைத்தான். “அண்ணாச்சி முத்தையாபுரமா? அந்தப் பக்கத்துல இருந்து ஏசுவடியான் அண்ணாச்சி போன வருசம் இங்கனதான் எடுத்தாவ. இதே மாடல்.”

ஜீவமணியின் முதுகு நிமிர்ந்தது. “அவரு இதையா எடுத்தாரு?”

“இதேதான் அண்ணாச்சி.”

“அப்ப இதுக்கு மேல என்ன இருக்கு?”

பிரைட்டன் அந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இப்படி ஒரு கேள்வியைக் கேட்டதில்லை. வருகிறவர்கள் விலையைக் கேட்டு நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள், குறைக்கச் சொல்வார்கள், எழுந்து போவதுபோல் நாலடி நடப்பார்கள். இவரோ மேலே கேட்கிறார். அவன் ஓடிப்போய் இன்னொன்றைக் கொண்டுவந்தான்.

“இது பதினேழு இஞ்ச் அண்ணாச்சி. இந்த ஏரியாவுல இன்னும் யாரும் எடுக்கல.”

“யாரும் எடுக்கலியா?”

“ஒருத்தரும் எடுக்கல.”

ஜீவமணியின் காதுக்குள் ஏலக்காரரின் குரல் கேட்டது. ஒரு தரம்... ரெண்டு தரம்... அவர் மேசையில் தட்டினார். “இதைப் போடு.”

பெனிஷா அந்த மடிக்கணினியையும் அதன் செங்கல் அளவு சார்ஜரையும் ஒரு பையில் போட்டுத் தோளில் மாட்டி, கடைக்குள் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்து பார்த்தாள். “அப்பா, நாலு தேங்கா கனம் இருக்கும்பா.”

“நல்லாச் சாப்பிடு, தூக்கிருவே” என்றார் அவர், மகளைப் பார்க்காமலே.

பிரைட்டன் தவணைக்கான வேலையைத் தொடங்கினான். ஆதார் கேட்டான், பான் கார்டு கேட்டான். வட்டியே இல்லை என்றான். பிறகு, அதற்கென்று ஒரு சிறு கட்டணம் உண்டு என்று மெதுவாகச் சொன்னான். அவனைத் திட்டிப் பயனில்லை. மாதம் இத்தனை விற்றாக வேண்டும் என்று அவன் தலைக்கு மேலும் ஒருவர் நிற்கிறார். ஜீவமணி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஈவாஞ்சலின் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கடையின் பின்பக்கம் போனாள்.

அங்கே பழுது பார்க்கும் பகுதி. ஜீவமணி உட்கார்ந்திருந்த நாற்காலிக்கும் அதற்கும் இடையில் மெல்லிய பலகைத் தடுப்பு ஒன்றுதான். அந்தப் பக்கம் ஓர் இளம்பெண் யாருடைய மடிக்கணினியையோ கழற்றி, தூரிகையால் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். அவள் பெயர் சந்தனச்செல்வி. தாமிரபரணிக் கரையில் நெல் விளையும் ஊரிலிருந்து தினம் வேலைக்கு வருகிறவள்.

“ஏம்மா, ஒண்ணு கேக்கேன், தப்பா நினைக்காத” என்று ஈவாஞ்சலின் சொல்வது ஜீவமணிக்குக் கேட்டது. “உன் கூடப்பிறந்தவளுக்குன்னா நீ எதை எடுப்பே?”

“அக்கா, விக்கிறது அவிய வேலை. நான் குறுக்க பேசுனா ஏச்சு விழும்.” தூரிகைச் சத்தம் நின்றது. “ஏ பிள்ள, நீ என்ன படிக்கப் போறே?”

“பி.காம்.க்கா.”

“அதுல கம்ப்யூட்டர்ல என்ன வேலை வரும்னு யாருட்டயாவது கேட்டியா?”

“சீனியர் அக்காட்ட கேட்டேன். டேலி, எக்செல், டைப்பிங். எப்பவாவது ஆன்லைன் கிளாஸ். அவ்வளவுதான்னாங்க.”

“எங்கன உக்காந்து படிப்பே?”

“கிளாஸ்ல, லைப்ரரியில. விடுதி ரூம்ல நாலு பேருக்கு ரெண்டு பிளக்குதானாம்.”

“வீட்டுக்கு வாரப்ப தூக்கிட்டு வருவியா?”

“வாராவாரம். பஸ்ல.”

“கெட்டுப்போனா எங்கன குடுப்பே?”

பெனிஷா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

“அதையும் கேட்டுக்கோ. பக்கத்துல சர்வீஸ் சென்டர் இல்லாத கம்பெனின்னா பெட்டிய வெளியூருக்கு அனுப்பிட்டு, அது வாரவரைக்கும் வழியப் பாத்துக்கிட்டு இருக்கணும். சரி, இப்ப நீயே சொல்லு. உனக்கு என்ன வேணும்?”

பெனிஷா யோசித்து யோசித்துச் சொன்னாள். “கனம் இருக்கக் கூடாது. சார்ஜ் நிக்கணும். எக்செல் திணறாம ஓடணும். சர்வீஸ் திருநெல்வேலியிலயோ இங்கயோ இருக்கணும்.”

“அவ்வளவுதான். எஸ்எஸ்டி இருக்கான்னு பாரு, அதுதான் சட்டுனு திறக்கும். மெமரி இப்ப எட்டு ஜிபி போதும். பின்னால தேவைப்பட்டா கூட்டுறதுக்கு இடம் இருக்கான்னு கேளு. விண்டோஸ் ஒரிஜினலா, உள்ளேயே வருதா, கேளு. கேம் ஆடுறவனுக்குச் செஞ்ச பெட்டி நல்ல பெட்டிதான். ஆனா அது அவனுக்கு.”

பிரைட்டன் இதைக் கேட்டுவிட்டான். தடுப்புக்கு மேலே தலையை நீட்டி, “என்ன செல்வி, இந்த மாச இன்சென்டிவ் வேண்டாம்னு இருக்கியா? மேனேஜர் காதுல போட்டா அவ்வளவுதான், தெரியும்லா?” என்றான்.

“போட்டுக்கோ” என்றாள் அவள். “கேட்டாவ, சொன்னேன். பொய் சொல்லச் சொல்லி எனக்குச் சம்பளம் தரல.”

தூரிகைச் சத்தம் மறுபடி கேட்டது. பிரைட்டன் ஜீவமணியைப் பார்த்துச் சிரித்தான். “அது கெடக்கு அண்ணாச்சி. உங்க போனுக்கு ஓடிபி வந்திருக்கும், ஆறு நம்பர். சொல்லுங்க, முடிஞ்சிரும்.”

ஜீவமணியின் கையில் கைபேசி அதிர்ந்தது. ஆறு எண்கள் வந்திருந்தன. அவர் கண்ணாடியை எடுத்து மாட்டினார். அப்போது ஈவாஞ்சலின் தடுப்பைச் சுற்றிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் நின்றாள். கோபத்தில் குரலை உயர்த்தும் பழக்கம் அவளுக்கு இல்லை.

“இவ சின்னதுல உங்ககிட்ட ஒண்ணு கேட்டாளே, ஞாபகம் இருக்கா? பூசணிக்காய் எடுத்தியளே, அன்னைக்கு.”

“என்னத்தக் கேட்டா?”

“கடையில கூடக் குடுத்தாலும் அது காணிக்கைதானான்னு.” அவள் மேசையில் இருந்த அந்தப் பெரிய கறுப்புப் பெட்டியைக் காட்டினாள். “இப்பச் சொல்லுங்க. இதுல கூடக் குடுக்கிறது யாருக்குக் காணிக்கை?”

ஜீவமணி கைபேசியைப் பிடித்தபடியே இருந்தார். பூசணிக்காய்க்குக் கூடக் கொடுத்த பணம் ஞாயிறு பள்ளிக்கூடத்துக்குக் கூரையாக நின்றது. அந்தக் கூரைக்குக் கீழேதான் பெனிஷா வசனம் படித்தாள். இங்கே கூடக் கொடுக்கிற பணம் எந்தக் கூரையாகும்? அது மகளிடமிருந்து விடுதிக் கட்டிலைப் பிடுங்கிக்கொண்டு, ஏசுவடியானின் முகம் ஒரு ஞாயிறு முழுக்கச் சுருங்கியிருப்பதைப் பார்க்கிற சந்தோஷமாக மாறும். அவ்வளவுதான். துறைமுகத்தில் சரக்கைக் கண்ணால் பார்க்காமல் ஒரு கட்டையைக்கூட அவர் அறுத்ததில்லை. இங்கே தன் பிள்ளையை ஒரு வார்த்தை கேட்காமல் இவ்வளவு தூரம் வந்துவிட்டாரே!

“ஓடிபி, அண்ணாச்சி.”

“சொல்ல மாட்டேன்.”

“வரலியா? திருப்பி அனுப்பச் சொல்லட்டா?”

“வந்திருக்கு. சொல்ல மாட்டேன்.” ஜீவமணி கைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டு, மேலே ஒரு தட்டும் தட்டினார். “தம்பி, இதை உள்ள எடுத்து வச்சிரு. எம் மக கேட்டதக் கொண்டா.”

கிங்ஸ்டனுக்கு முகம் வாடிவிட்டது. “என்ன அத்தான் நீங்க? காலேஜ்ல நாலு பிள்ளைய மத்தியில கொறைச்சலான பெட்டியோட போய் நின்னா நம்ம பிள்ளைக்குத்தான கொறைச்சல்?”

“எம் பிள்ளைக்குக் கொறைச்சல் வரணும்னா அது பெட்டியால வராது மாப்ளே. டெய்லி பஸ்ஸுல தூங்கி விழுந்து, பாதியில படிப்ப விட்டா, அதுதான் கொறைச்சல். நான் இப்ப ஓடிபி சொல்லியிருந்தா அதைத்தான் வாங்கியிருப்பேன்.”

பிரைட்டன் இன்னும் நாலைந்து பெட்டிகளைக் கொண்டுவந்தான். பெனிஷா ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்தாள், தட்டச்சுச் செய்து பார்த்தாள். பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும் என்று கேட்டாள். பெட்டியில் போட்டிருக்கிறதைச் சொன்னபோது, “அது அட்டையில போட்டது. நிசத்துல எவ்வளவு நிக்கும்ணே?” என்றாள். பிரைட்டன் தலையைச் சொறிந்துகொண்டு நிசத்தைச் சொன்னான். கடைசியில் பதினாலு அங்குலத்தில் சாம்பல் நிறத்தில் ஒன்று அவளுக்குப் பிடித்தது. விளக்கு ஒன்றும் ஓடவில்லை. பள்ளிக்கூடப் பைக்குள் புத்தகங்களோடு புத்தகமாக அது போய்ச் செருகிக்கொண்டது. பெரிய பெட்டியின் விலையில் அது பாதிகூட இல்லை. தவணை வேண்டியிருக்கவில்லை.

ஜீவமணி இப்போது இறங்கு ஏலம் கேட்கத் தொடங்கினார். வாரண்டியை நீட்ட ஒரு கட்டணம் என்றான் பிரைட்டன். “அதுல என்ன என்ன அடங்கும்?” என்று கேட்டு, அடங்காதவற்றைக் கேட்டபின் வேண்டாம் என்றார். வைரஸ் தடுப்புக்கு ஒரு கட்டணம் என்றான். “பெனிஷா, வேணுமா?” “விண்டோஸ்லயே இருக்குப்பா.” “வேண்டாம்.” மவுஸ் என்றான். “அது சும்மா குடு” என்றார். பிரைட்டன் சிரித்துவிட்டான். “வந்தப்போ இருந்த அண்ணாச்சி எங்க?” “அந்த ஆளு போயிட்டான் தம்பி. நான்தான் இனி.” மவுஸ் சும்மா கிடைத்தது.

கிளம்பும்போது அவர் தடுப்புக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். சந்தனச்செல்வி உட்கார்ந்திருந்தது நாற்காலியில் அல்ல. ஒரு பழைய தெர்மோகோல் பெட்டியின் மேல். அது ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. நழுவாமல் இருக்க அவள் ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி, கோணலாகக் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தாள். ஜீவமணிக்கு நன்றி சொல்ல வாய் வந்தது. பக்கத்திலேயே மேனேஜர் நின்றார். இங்கே சத்தமாகச் சொல்கிற நன்றி அவளுக்கு இன்னொரு ஏச்சாகத்தான் போய் விழும் என்று நினைத்து, சொல்லாமலே வெளியே வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈவாஞ்சலின் புதுப் பெட்டியைத் துணிப்பையில் எடுத்து வைத்தாள். பெனிஷா அதை எடுத்துத் திரும்ப அலமாரிக்குள் வைத்தாள்.

“ஐயா ஜெபம் பண்ணப் போறது எனக்குத்தானம்மா? நான்தான் வாரேனே.”

ஜீவமணி அலமாரியைச் சாத்தினார். ஆலய வாசலில் வேட்டியை இறுக்கிக்கொண்டு ஏசுவடியான் நின்றார். பக்கத்தில் நாலைந்து பேர்.

“என்னலே ஜீவமணி, மேசையப் பாருங்கன்னே? பெட்டி எங்க? தவணைக்காரன் அதுக்குள்ள தூக்கிட்டுப் போயிட்டானா?”

எல்லாரும் சிரித்தார்கள். “வாங்க அண்ணாச்சி, மொதல்ல ஆராதனை” என்று சொல்லி ஜீவமணி உள்ளே போனார்.

பீடத்துக்கு முன்னால் மேசையில் ஐந்து பெட்டிகள் வரிசையாக இருந்தன. குருவானவர், கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் முன்னால் வரலாம் என்றார். ஐந்து பேர் வந்து மேசையை ஒட்டி முழங்கால் போட்டார்கள். ஆறாவதாகப் பெனிஷா வெறும் கையோடு நடந்து போனாள். இரண்டு கையையும் நெஞ்சில் சேர்த்துக்கொண்டு, மேசையில்லாத ஓரத்தில் முழங்கால் போட்டாள். பெண்கள் பக்கத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. ஜீவமணி நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பேசுகிறவர்கள் பேசட்டும் என்று இருந்தது அவருக்கு.

அப்போதுதான் அது நடந்தது. கடைசிப் பெஞ்சில் யாரோ எழுந்தார்கள். உப்பளத்தில் வேலை செய்யும் இன்பமணியின் மகள் ரோஸ். அவளுக்கும் ஓர் அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. சபையில் அது பலருக்குத் தெரியாது. அவளும் சொல்லவில்லை, அவள் அப்பாவும் சொல்லவில்லை. மேசையில் வைக்க எதுவும் இல்லாததால், முன்னால் போக வேண்டாம் என்று வீட்டிலேயே பேசி வைத்திருந்தார்கள். பெனிஷா வெறும் கையோடு போனதைப் பார்த்ததும் அந்தப் பெண்ணால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. நீளமான நடுவழியில் தலையைக் குனிந்தபடி வந்து பெனிஷாவின் பக்கத்தில் முழங்கால் போட்டாள். பெனிஷா நகர்ந்து இடம் கொடுத்தாள். குருவானவர் ஒரு நிமிடம் மேசையையும் அந்த இரண்டு பிள்ளைகளையும் பார்த்தார். பிறகு மற்றவர்களுக்குக் கைவைத்ததுபோலவே அவர்கள் தலையிலும் கைவைத்து ஜெபித்தார்.

ஜீவமணி குனிந்துகொண்டார். ஜெபத்தின் ஒரு சொல்லும் அவர் காதில் விழவில்லை. இத்தனை வருடம் இந்த மேசையைப் பார்த்தோமே, கடைசிப் பெஞ்சை ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்தோமா என்ற ஒரே நினைப்புத்தான் அவரைக் குடைந்தது.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது ஏசுவடியான் விடவில்லை. “ஏலத்துல சிங்கமா நிப்பியே, கடைக்குப் போனா எலியாயிட்டியாலே?”

ஜீவமணி நின்றார். சுற்றிலும் நாலு பேர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

“அண்ணாச்சி, அறுப்பின் பண்டிகைக்கு வாங்க. உங்கள ஒரு கை பாக்கேன். அது ஆண்டவருக்கு. ஆனா கடையில போய் உங்களோட ஏலம் கேக்க மாட்டேன். அங்கன ஏறுற துட்டு கடைக்காரனுக்கும் நம்ம வீம்புக்கும்தான் போகுது. ஒரு பொருள வாங்கும்போது ரெண்டு பேரத்தான் கேக்கணும். அதை வச்சு வேலை செய்யப் போற பிள்ளையக் கேக்கணும். நம்ம கையில இருக்குற காசக் கேக்கணும். மூணாவதா ஊரக் கேட்டோம்னா, பிள்ளைக்கும் ஆகாத, காசுக்கும் ஆகாத ஒண்ணத்தான் தூக்கிட்டு வருவோம். நான் தூக்கிட்டு வரப் பாத்தேன். எம் மகளும் பெண்டாட்டியும் என்னய நிப்பாட்டுனாவ.”

“ரொம்பப் பேசுதியேடே” என்றார் ஏசுவடியான். ஆனால் குரலில் பழைய சுருதி இல்லை.

“இன்னும் பேசுவேன். இந்த மேசையில நாம பெட்டிய அடுக்க அடுக்க, இன்பமணி மக கடைசிப் பெஞ்சுக்குப் போயிட்டா அண்ணாச்சி. ஜெபம் பிள்ளைக்கு. அடுத்த வருசம் இந்த மேசையில ஒரு பெட்டி வந்தாலும் நான் கமிட்டி முன்னால வந்து நின்னு கேப்பேன். நீங்களும் இருப்பிய, பாத்துக்கிடுங்க.”

ஏசுவடியான் ஆலயச் சுவரின் நிழலில் மகளோடு நின்ற இன்பமணியையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, “நீ கேக்கவேண்டாம். நானே கேக்கேன்” என்று சொல்லிவிட்டு நடந்தார். பக்கத்தில் நின்ற கிங்ஸ்டன் தொண்டையைச் செருமினான். “அக்கா, எங்கிட்ட நான் முன்ன ஓட்டின லேப்டாப் ஒண்ணு சும்மா கெடக்கு” என்றான். குடுத்துவிடலாம் என்று அடுத்துச் சொல்லப் போனவன் நிறுத்தி, “அந்தப் பிள்ளை என்ன படிக்கா? அவளுக்கு என்ன தேவைப்படும்? கேட்டுட்டு வாரேன்” என்று ரோஸ் நின்ற பக்கம் போனான். ஈவாஞ்சலின் முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

அடுத்த வாரம் துறைமுகத்தில் மேஸ்திரியிடம் கேட்டு ஜீவமணி எடுத்துவந்தது, கப்பல் வேலையில் மிஞ்சிய நல்ல கட்டைகள் சில. உணவு இடைவேளைகளில் அவற்றை இழைத்து ஒரு ஸ்டூல் செய்தார். முதுகு குனியாமல் கடையின் பழுது பார்க்கும் மேசையில் வேலை செய்ய எவ்வளவு உயரம் வேண்டும் என்று கண்ணிலேயே கணக்குப் போட்டிருந்தார். யாருக்கு என்று கூட வேலை செய்கிறவர்கள் கேட்டார்கள். “ஒரு ஆளுக்கு” என்றார். வீட்டில்கூடச் சொல்லவில்லை.

ஒரு நண்பகலில் ஸ்டூலோடு பஸ் ஏறித் தூத்துக்குடிக்குள் போனார். அந்தக் கடைக்குப் பின்னால் ஒரு சந்து உண்டு. காற்றுக்காகப் பழுது பார்க்கும் பகுதியின் பின்கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். சந்தனச்செல்வி சாப்பிடப் போயிருந்தாள். சந்தில் வெயில் மட்டும் கிடந்தது. ஜீவமணி உள்ளே போய், நசுங்கிய தெர்மோகோல் பெட்டியை எடுத்துச் சுவரோரம் வைத்துவிட்டு, ஸ்டூலை அந்த இடத்தில் வைத்தார். அழுத்திப் பார்த்தார். தரை சமமில்லாததால் ஒரு கால் லேசாக ஆடியது. சட்டைப் பையிலிருந்து ரப்பர்த் துண்டு ஒன்றை எடுத்து அந்தக் காலுக்கு அடியில் கொடுத்தார். மறுபடி இரண்டு கையாலும் அழுத்தினார்.

ஆடவில்லை.

தோள்துண்டை உதறி, இருக்கையிலிருந்த மரத்தூளைத் துடைத்தார். வந்த வழியே சந்துக்குள் இறங்கி, துறைமுகத்துக்குப் போகிற பஸ்ஸைப் பிடிக்க வேகமாக நடந்தார்.